தாமதம் என்று ஒரு சொல்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள் அவள். உடன் வேலை செய்கிறவர்களுக்கு மைக் அக்கா. ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்தக் கண்ணாடி அறைக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ரத்தான வண்டியை ரத்து என்றே சொல்ல வேண்டும், அதுவும் மூன்று முறை. கூட்டம் கத்துமே என்று பயந்து, "தாமதம்னு சொல்லி வைங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மேலதிகாரிகள் பூசி மெழுகப் பார்ப்பார்கள். மைக் அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. "வராததை வரும்னு சொல்லி ஜனங்கள உக்கார வெக்கிறது பாவம் சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வெகு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பெண். ஒரே ஒரு தடவை பால் குடித்தது. மூச்சு சரியில்லை என்று எடுத்துப் போனார்கள். "கொஞ்சம் லேட்டாகும், கொண்டு வந்துடுவாங்க" என்றார் கணவர். மறுநாளும் அதையே சொன்னார். குழந்தை போய்விட்டது என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவளைத் தவிர. அவள் மார்புக்கும் தெரியவில்லை, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது. அப்புறம் துணியால் இறுக்கிக் கட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பால் வற்றியது. வீட்டில் அந்தப் பேச்சும் அதோடு நின்றது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பொல்லாதவர் அல்ல, சொல்ல வேண்டியதை மென்று விழுங்கிவிடுவார், அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு நாள் காலையில் குளித்துவிட்டுப் போட்ட ரவிக்கை ஈரமாக இருந்தது. தலைமுடித் தண்ணீர் என்று நினைத்தாள். தொட்டு முகர்ந்து பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மாதவிலக்கு நின்றே வெகுநாள் ஆகிறது, வயசுதானே என்று விட்டிருந்தாள். பால் எங்கிருந்து வரும்?

அதோடு போகவில்லை. கண்ணின் ஓரத்தில், கதவுப் பக்கம், அலமாரிப் பக்கம், ஏதோ இருட்டு வந்து நின்றது. குழந்தை உயரம்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. முதல் நாள் பயந்துபோய் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு வைத்தாள். அப்புறம் பயம் போய் வேறொன்று வந்தது, அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். பால் வந்திருக்கிறது, பின்னாலேயே பிள்ளையும் வந்திருக்கிறாள், இதில் என்ன அதிசயம்? வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து, விளக்கைப் போடாமல் மடியை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

கதவு நிலையில் இடித்து இடித்து அவள் இரண்டு தோளும் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டுக் கணவர்தான் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. அதுல திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. பால் சுரக்க வெக்கிற ஹார்மோன் ஒண்ணு உண்டு, புரோலாக்டின். அதை இந்தக் கட்டி அள்ளிக் கொட்டுது."

"தலையில இருக்கறது நெஞ்சுக்கு எப்படி வரும் டாக்டர்?"

"ரத்தத்துல கலந்து உடம்பு பூராவும் போகும். ஆனா அதைப் புரிஞ்சுக்கற செல் எங்க இருக்கோ, அங்கதான் வேலை நடக்கும்."

அவளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவள் குரலும் நிலையம் முழுக்கத்தான் கேட்கிறது, தன் வண்டி என்றால்தான் ஒருவர் மூட்டையைத் தூக்குகிறார். தலைக்குள் எவளோ உட்கார்ந்துகொண்டு, வராத வண்டியை வரும் வரும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மார்பு அதை நம்பி எழுந்து நிற்கிறது.

"கட்டி கண் நரம்பையும் அழுத்துது. அதான் ரெண்டு ஓரமும் மறையுது. மாத்திரை சாப்பிட்டா கொஞ்ச நாள்ல சுருங்கும், பாலும் நின்னுடும். தள்ளிப் போட்டீங்கன்னா பார்வையே போயிடலாம்."

"அப்ப ஓரத்துல நிக்கறது?"

"என்ன நிக்குது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

மாத்திரை அட்டை அலமாரிக்குள் போனது. கணவர் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு" என்றாள். கண் போனால் போகட்டும். ஒரு தடவை ஊர் சேர்ந்து பிள்ளையைப் பட்டினி போட்டு அனுப்பியது போதாதா, இனி தன் கையாலேயே வேறு அனுப்ப வேண்டுமா?

இப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. அவள் மேசைத் திரையில் வண்டியின் பெயர், நேரம், நடைமேடை, வலது கோடியில் அதன் நிலவரம் என்று வரிசையாக வரும். அன்று மதியம் அந்த வலது கோடி அவள் கண்ணுக்கு இல்லவே இல்லை. இல்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த வண்டி தினமும் பிந்தி வருவதுதான், வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "தாமதமாக வந்து சேரும்." நடுவில் நடுவில் அதையே திரும்பச் சொன்னாள். மைக் அக்கா சொன்னால் யார் போய்ச் சரிபார்ப்பார்கள்?

சாயங்காலம் கண்ணின் ஓரத்திலிருந்து திடீரென்று ஒரு குழந்தை முகம் முளைத்தது. "வந்துட்டியா" என்றாள் அவள், வாய்விட்டு. முகத்துக்குப் பின்னால் ஒரு தோள் வந்தது, பிறகு அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த இளம்பெண் வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"நீங்கதானே மைக்ல பேசினது?" என்றாள் அந்தப் பெண். "அந்த வண்டி மத்தியானமே ரத்தாம். போர்டுல போட்டிருந்தானாம். நீங்க வரும்னீங்களேன்னு நான் உக்காந்திருந்தேன். எங்கம்மா இழுத்துக்கிட்டுக் கெடந்தாங்க. இப்ப போன் வந்துச்சு. முடிஞ்சிடுச்சாம்."

மைக் அக்கா தலையை நன்றாகத் திருப்பித் திரையின் வலது கோடியைப் பார்த்தாள், ரத்து என்றுதான் இருந்தது.

"ரத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ்ஸப் புடிச்சுப் போயிருப்பேனேக்கா."

கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் கத்தவில்லை. தோளில் இருந்த குழந்தைதான் பசித்து வீறிட்டது, அந்தச் சத்தத்துக்கு மைக் அக்காவின் ரவிக்கை நனைந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டாள். மாத்திரை அட்டையை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"போட்டேன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேங்க. லேட்டாகும்னு நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அந்த மாதிரி."

அவர் முகம் செத்துப்போயிற்று. அட்டையைக் கையில் எடுத்தார். "நீ மொதத் தடவை கேட்டப்பவே அவ போயிட்டாம்மா" என்றார். "என்னால சொல்ல முடியல."

"இப்ப நான் சொல்லணும். அவளும் எத்தனை நாளைக்குத்தான் நின்னுக்கிட்டே இருப்பா?"

அவள் ஓரத்து இருட்டின் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் போய்விடும். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மைக்கில் பேசும் அதே நிதானத்தில் சொன்னாள்: "கண்ணு, அம்மா பேசறேன். நீ வர வேண்டிய வண்டி ரத்து." இரண்டாவது முறையும் சொன்னாள். மூன்றாவது முறை "கண்ணு" என்பதோடு நின்றுவிட்டாள். கணவர்தான் சொன்னார், இத்தனை வருஷத்துக்கு அப்புறம்: "ரத்தும்மா."

அவள் மாத்திரையை விழுங்கினாள். ஓரத்தில் அது இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.