இருசப்பன் மலை

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பனிமூட்டம் அவ்வளவு நேரம் நின்றதா, நான்தான் யோசித்து யோசித்து அதை நீட்டிவிட்டேனா? எண்பத்தேழு செப்டம்பர் என்பது மட்டும் நிச்சயம். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை.

நான், டென்னிஸ், காசிநாதன் மூவரும் ஜியாலஜி மாணவர்கள். பாறை மாதிரிகள் எடுக்க வந்து மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் மாட்டிக்கொண்டோம். சும்மா கிடப்பானேன், மலையேறலாம் என்றான் டென்னிஸ். வரைபடத்தில் பெயர் போடாத ஒரு குன்றைக் காட்டினான். மேல் ஊர்க்காரர் கண்ணாயிரம் வழிகாட்ட வந்தார்.

"இதுக்குப் பேரு இன்னாங்க?" என்று டென்னிஸ் அவரிடம் கேட்டான்.

"இப்பத்திக்கு இருசப்பன் மலைங்க. எங்க சித்தப்பா பேரு. அதுக்கு முன்ன வேற ஆளு பேரு."

"செத்துட்டாரா?"

"வூட்லதான் இருக்காரு. மேல வழி தவறிட்டாருன்னு பேரு சொல்லிக் கூவிட்டாங்க. பேரு மலையோட நின்னுபோச்சு. இப்ப இருசப்பான்னு கூப்புட்டா திரும்ப மாட்டாரு, தோளத் தொடணும். மேல ஒருத்தர ஒருத்தர் கூப்புடறதுன்னா பேரு சொல்லாதீங்க, கல்லத் தட்டுங்க."

டென்னிஸ் சிரித்தான். "காசிக்கு அவங்கப்பா வெச்ச பேரு புடிக்கவே புடிக்காது. இங்கியே வுட்டுட்டுப் போவட்டும்."

"மூடிக்கினு ஏறுடா" என்றான் காசிநாதன்.

உச்சியில் கரும்பாறை. சுத்தியலால் தட்டினால் வெண்கலம் போல ஒலித்தது. டென்னிஸ் தட்டிக்கொண்டே தள்ளிப் போனான். அப்போதுதான் பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை.

கண்ணாயிரம் கல்லால் பாறையைத் தட்டினார். வலப்பக்கமிருந்து பதில் தட்டு வந்தது. பிறகு இடப்பக்கமிருந்து. பிறகு கீழேயிருந்து. கீழே செங்குத்தான பள்ளம்.

"விழுந்துடப் போறான்" என்றான் காசிநாதன்.

"வாணாங்க, கூவாதீங்க." கண்ணாயிரம் அவன் வாயைப் பொத்தப் போனார். காசிநாதன் அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கத்தினான்:

"டென்னிஸ்! நில்லு!"

அதுவரை எங்கள் இருமல்கூட எதிரொலித்தது. அந்தப் பெயர் போனது, திரும்பி வரவில்லை. தட்டும் சத்தமும் நின்றது.

பிறகு பனிக்குள்ளிருந்து டென்னிஸ் நடந்து வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காசிநாதன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"டென்னிஸ், எங்கடா போன?" என்றேன்.

நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

கண்ணாயிரம் அவன் தோளைத் தொட்டு, "வாங்க, போவலாம்" என்றார். நாங்கள் இறங்கும்போது மேலே யாரோ கல்லைத் தட்டினார்கள். சுத்தியல் அவன் கையில்தான் இருந்தது.

சாலை திறந்ததும் ஊர் திரும்பினோம். கண்ணாயிரமும் அவர் சித்தப்பாவும் இப்போது இல்லை. காசிநாதன் வடக்கே வேலைக்குப் போனவன், எங்கள் இருவரையும் அதன்பின் பார்க்கவே இல்லை. டென்னிஸ் சின்னசேலத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றான். மனைவி ரீத்தா அவனை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவாள், அதனால் வீட்டில் தொல்லை எதுவும் வரவில்லை. மேல் ஊரில் அந்தக் குன்றை டென்னிஸ் மலை என்கிறார்கள். நான் பக்கத்தில் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறேன். மலைக்குப் போவதில்லை.