நோரீன் டீச்சருக்கு இட்செல் வைத்த பரீட்சை

அமெரிக்காவில் யாக்கிமா பக்கத்து ஆப்பிள் தோட்ட ஊர்களில் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளைதான் துபாஷி. டீச்சர் இங்கிலீஷில் சொல்வதை அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்லும், அம்மா சொல்வதை டீச்சருக்குச் சொல்லும். தன் வண்டவாளத்தைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளையை எவராவது நம்புவார்களா? நம்பினார்கள். பள்ளிக்கூடமே அப்படித்தான் ஓடியது.

ஐந்தாம் வகுப்பு நோரீன் டீச்சரைக் குடைந்தது ஒரு சிரிப்பு. வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்டே உயிரை வாங்கும் இட்செலுக்குக் கோடை நட்சத்திர முகாமில் இடம் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு கூட்டத்திலும் இட்செல் சொன்னது ஒரே பதில். "அம்மா வேண்டாம்ங்கறாங்க, மிஸ்."

ஆனால் அந்த அம்மா ஒஃபேலியா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பவள் எதற்கு இப்படிச் சிரிக்க வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் நோரீனுக்குச் சோறு இறங்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஸ்பானிஷ் படித்தாள். பள்ளிச் சமையற்கட்டுப் பெண்களிடம் பேசிப் பார்த்தாள். "எங்க பாஷை உங்க வாயில நொண்டியடிக்குது டீச்சர்!" என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மே மாதக் கூட்டத்தில் எதுவும் தெரியாதவள் போல முகாமைப் பற்றி இங்கிலீஷில் மறுபடி சொன்னாள். இட்செல் தன் அம்மா பக்கம் திரும்பி ஸ்பானிஷில் சொன்னாள்.

"வெயில் ஜாஸ்தியாம், அம்மா. நிறைய தண்ணி குடிக்கணுமாம்."

"அடடா, என்ன அக்கறை! டீச்சரம்மா நல்லா இருக்கட்டும்."

"அம்மா வேண்டாம்ங்கறாங்க, மிஸ்."

அடிப்பாவி! நோரீன் ஸ்பானிஷில் வாயைத் திறந்தாள். "அம்மா... இட்செல்... நட்சத்திரம் முகாம். ஜூலை, ரெண்டு வாரம். நீங்க போ சொல்றது?"

இட்செலின் முகம் வெளிறியது. ஒஃபேலியா மகளைப் பார்த்தாள். "அடி கள்ளி! தண்ணி குடிக்கச் சொன்னாங்கன்னியே!"

"ஜூலைல பாப்பா வந்துடும்லம்மா! அப்பா அலாஸ்காவுக்கு மீன் வேலைக்குப் போயிடுவாரு. ஆஸ்பத்திரில போன்ல ஒருத்தர் மொழிபெயர்ப்பாங்க, பாதில லைன் கட்டாயிடும். தம்பி பொறந்தப்ப நான்தானே பக்கத்துல நின்னேன்? நான் போயிட்டா உனக்கு யாரு பேசுவா?"

நோரீன் எழுந்து ஒஃபேலியா பக்கம் வந்தாள். "ஆஸ்பத்திரிக்கு நான் வரேன்" என்றாள்.

"நீங்களா?" இட்செல் சுற்றி வந்து டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "நான்தான் டாக்டர். அம்மாவுக்கு என்ன பண்ணுது?"

ஒஃபேலியாவுக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "காலையிலேர்ந்து இடுப்பு விட்டு விட்டு வலிக்குது, தலை வேற சுத்துது" என்றாள்.

நோரீன் இங்கிலீஷில் சொன்னாள். "காலையிலேர்ந்து இடுப்பு வலிக்குதாம்."

"விட்டு விட்டு எங்க போச்சு? தலைசுத்தல் எங்க? ஃபெயில். நாளைக்கு வாங்க."

கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்வரை தினமும் பரீட்சை நடந்தது. கடைசியில் இட்செல் பாஸ் போட்டாள், அரைமனதாக. ஜூலையில் முகாம் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"மிஸ், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அம்மா வலிக்கலன்னு சொன்னா நம்பாதீங்க. ரொம்ப வலிச்சாதான் அப்படிச் சொல்லுவாங்க."

அடுத்த வாரம் பிரசவ அறையில் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நோரீன் ஸ்பானிஷில் கேட்டாள். ஒஃபேலியா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"வலியெல்லாம் இல்ல, டீச்சரம்மா."

நோரீன் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப வலிக்குதாம். தாங்க முடியலையாம்."