ஒமாஹாவின் சைகை அகராதி

ஞாயிறன்று ஒமாஹாவிடம் தோற்றால் திங்கட்கிழமை கோச் வெண்டலுக்கு வேலை இல்லை. டுலூத் அமெரிக்கக் கால்பந்து அணியின் முதலாளி மேவிஸ் அம்மாள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால் யாருக்கோ சீட்டு கிழிகிறது என்பது ஏரியில் நீந்தும் வாத்துக்குக்கூடத் தெரியும்.

வெண்டல் கலங்கவில்லை. அவரிடம்தான் நான் இருந்தேனே. எதிரணிகளின் ஆட்டப் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் உத்தியோகம். ஒமாஹாவின் தடுப்பாட்டக் கோச் மைதான ஓரத்தில் நின்று தொப்பியைத் தொடுவார், முழங்கையைத் தட்டுவார், வயிற்றைத் தடவுவார். அதைப் பார்த்துத்தான் அவருடைய ஆட்கள் பாய்வதும் பதுங்குவதும். மூன்று வாரம் டோனட்டும் காபியுமாக உட்கார்ந்து நாற்பத்தோரு சைகைக்கும் பொருள் எழுதிவிட்டேன். அவர் சும்மா சொறிந்தால்கூட எந்தப் பக்கம் அரிக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

"ஆர்வோ, உன்னை ராணுவத்துல விட்டிருந்தா சண்டையே ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும்யா," என்றார் வெண்டல்.

ஒமாஹா மைதானத்தின் உச்சியில், கண்ணாடி அறையில், பைனாகுலரோடு நான். எதிர்க் கோச் முழங்கையைத் தட்டினார். இடது பக்கம் இரண்டு பேர் பாயப்போகிறார்கள். நான் அதைத் தொலைபேசியில் வெண்டலுக்குச் சொல்ல, வெண்டல் ரேடியோவில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேரனின் ஹெல்மெட்டுக்குள் சொல்ல, டேரன் அறுபதாயிரம் பேர் ஊளையிடும் இடத்தில் தனக்கு அரணாக நிற்கும் ஐந்து தடியர்களிடம் கத்த, இரண்டு பேருக்குக் கேட்டது. மற்ற மூவரும் பழைய திட்டப்படி வலப்பக்கம் நடந்தார்கள். இடது பக்கமிருந்து இரண்டு பேர் பாய்ந்தார்கள். என் கணிப்பு இம்மியும் பிசகவில்லை. டேரனைப் புல்லிலிருந்து பெயர்த்தெடுக்க மண்வெட்டிதான் தேவைப்பட்டது.

அடுத்த ரகசியம் போய்ச் சேருவதற்குள் ஆட்டத்தைத் தொடங்கத் தந்த நொடிகள் முடிந்து, தாமதத்துக்கு ஐந்து கெஜம் அபராதம். இடைவேளையில் ஒமாஹா பதினேழு, நாங்கள் பூஜ்யம்.

உடை மாற்றும் அறையில் டேரன் விலாவில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு சொன்னான்: "கோச், அவங்க என்ன பண்ணப்போறாங்கன்னு நல்லாத் தெரியுது. நாம என்ன பண்ணப்போறோம்னுதான் தெரியல."

"இன்னும் வேகமா சொல்றேன்டா."

"நானும் இன்னும் வேகமா விழறேன் கோச்."

நான் படியேறப் போகையில், அவன் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் அப்பிக்கொண்டிருந்தான்.

"ஆர்வோ, நீங்க எதையும் பாக்கல."

"பாக்கறதுக்குத்தான்பா எனக்குச் சம்பளம்."

"அது எதிரணியைப் பாக்க."

நியாயமான பேச்சு. படியேறிப் போனேன்.

இரண்டாம் பாதி முழுக்க நானும் வெண்டலும் ஒரு சூயிங்கத்துக்கு ரகசியம் ஓதினோம். டேரன் தனக்குத் தோன்றிய ஆட்டத்தைச் சொன்னான். ஐவரும் ஒரே பக்கம் நடந்தார்கள், உலக அதிசயம். இருபதுக்குப் பதினேழு, எங்களுக்கு வெற்றி. தான் சொன்னதற்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லை என்பதை வெண்டல் கவனித்தாரா? ஜெயிக்கிற கோச் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

மேவிஸ் அம்மாள் இறங்கி வந்தார். "இந்தச் சைகை திருடறது நிஜமாவே உதவுச்சாப்பா?" என்று டேரனைக் கேட்டார்.

பக்கத்தில் வெண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேரன் அவரைப் பார்த்தான், பிறகு என்னை.

"முதல் பாதியில கொஞ்சம் தகராறு மேடம். ரெண்டாம் பாதியில கோச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்கு இடைஞ்சலா இல்ல."

திங்கட்கிழமை வெண்டலுக்கு மூன்று வருட ஒப்பந்தம். எனக்குத் தனி அறை, இரண்டு உதவியாளர்கள், லீக்கின் அத்தனை அணிகளுக்கும் அகராதி எழுதும்படி உத்தரவு. எழுதினேன். ஒரு பிழை கிடையாது.