பின்வரிசையில் ஒரு விரிப்பு

நூலக மாடியில் பாட்டுக்காரி நடத்தும் சனிக்கிழமைப் பாட்டுக்கு ஒரு வாரம் புலி வந்தது. அதற்கு முன் ஆடு, தபால்காரர், நனைந்த குடை எல்லாம் வந்திருந்ததால் யாரும் உடனே அலறவில்லை. அவள் கட்டும் பாட்டுகள் அப்படி. "கதவு தட்டுது, கதவு தட்டுது, வந்தது யாரு?" என்று கிதாரோடு நிறுத்துவாள், பெற்றோர் கைதட்டுவார்கள், வட்டத்தில் முறை வந்த குழந்தை எதைச் சொல்கிறதோ அது உள்ளே வரும். கடைசிக் குழந்தையும் சொல்லிவிட்டால் பாட்டு முடியும், வந்ததெல்லாம் போய்விடும். பல வருடமாக இதுதான் நடைமுறை.

அன்று பல் டாக்டரின் மகன் "புலி" என்றான். அது கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். அறையில் புல்லும் இல்லை. "யாரும் ஓடாதீங்க, கைய நிறுத்தாதீங்க," என்றாள் பாட்டுக்காரி, முகத்தில் சிரிப்பு மாறாமல். கைதட்டல் தளர்ந்தபோதெல்லாம் புலி எழுந்து ஓரடி நகர்ந்தது.

"சீக்கிரம் முடிங்கம்மா!" என்று கெஞ்சினார் பல் டாக்டர்.

"இன்னும் ஒருத்தி பாக்கி சார்."

அந்த ஒருத்தி தையல்காரியின் மகள். வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறந்ததே இல்லை. பிள்ளைகள் ஊமைக்கோட்டான் என்பார்கள். வாரம்தோறும் அவளுக்காக அம்மாதான் சொல்வாள். பெற்றவள் சொன்னால் செல்லும். அன்று அம்மாவுக்குப் பயத்தில் நாக்கு எழவில்லை. பாட்டுக்காரியே "பூனை" என்று பாடிப் பார்த்தாள். பூனை வரவில்லை. அதற்குள் புலி சிறுமியின் முழங்காலை மோந்துகொண்டிருந்தது. தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. சிறுமியோ புலியின் முகத்தையே பார்த்தாள். அதன் மீசை நடுங்குவது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"இதோட அம்மா," என்றாள்.

ஒன்று போதாதா என்று பல் டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். வந்தது இரண்டு பங்கு பெரிசு. அது யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனது. தையல்காரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே இரண்டும் வந்தன. தாய்க்குப் பின்வரிசையில், மற்ற அம்மாக்களோடு, ஒரு விரிப்புப் போட்டார்கள். குட்டி வட்டத்தில் உட்கார்ந்தது. அதன் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை.

"அதுக்கு வெக்கம்," என்றாள் தையல்காரியின் மகள். "நான் சொல்றேன்."

அதுவும் செல்லும் என்று பாட்டுக்காரி ஒத்துக்கொண்டாள்.