நான்காவது லைனின் டோக்கன்

நான்காவது லைனில் நாற்பது பெண்களுக்குக் கழிப்பறை டோக்கன் ஒன்று. அதை எடுத்துக்கொண்டு கமலவேணி செவ்வாய்க்கிழமை போனாள். இன்று வியாழன். நடக்க நடக்க வராண்டா நீண்டுகொண்டே போகிறது என்று போனில் சொன்னாளாம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்டே நீளும்போது வராண்டா நீளக் கூடாதா?

ஓவர்லாக் மிஷினில் தைக்கும் தெய்வாத்தாளுக்குத்தான் கவலை. ஏழு வருஷமாக அவள் வேலை நேரத்தில் தண்ணீர் குடித்ததில்லை. குடித்தால்தானே போக வேண்டும்? லைன் மொத்தமும் அப்படித்தான். இப்போது சிறுநீரகத்தில் கல். "தண்ணி குடிக்கோணும். வந்தா அடக்கக் கூடாது. இன்னொருக்கா அடக்குனா ஆபரேசன்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு பாட்டில் குடித்திருந்தாள்.

பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் தண்டபாணியிடம் போனாள்.

"ஏனுங் சார், ஒண்ணுக்குப் போகோணுமுங்க."

"டோக்கன்?"

"கமலவேணி இன்னும் வர்லீங்களே."

"வரட்டும்."

"எப்பங்க வருவா?"

"திரும்பற வழி இன்னும் நீளமாம். ஆபீஸ்ல கேளுங்."

ஆபீசில் ஒரு மேடம் படிவத்தை நீட்டினார். மூத்திரப்பை இருப்பதற்கான சான்று. இரண்டு பிரதி.

"இருக்குதுன்னு நாந்தான் சொல்றனுங்களே, மேடம்."

"சேரும்போது எழுதிக் குடுத்தீங்களா?"

"கையி, காலு, கண்ணுதானுங்க கேட்டீங்க."

"அப்ப அது மட்டுந்தான் வேலைக்கு வந்திருக்கு. மத்ததெல்லாம் விசிட்டர்."

மேடம் ஒரு விசிட்டர் பாஸை அவள் அடிவயிற்றுக்கு நேராகச் சேலையில் குத்திவிட்டார். "பன்னெண்டு மணி வரைக்குந்தான். புகார் இருந்தா பெண்கள் பாதுகாப்புக் கமிட்டில குடுங்க."

கமிட்டி உறுப்பினரின் போட்டோ போர்டில் தொங்கியது. தெய்வாத்தாளின் போட்டோ. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடிட்டுக்கு ஆள் வந்த அன்று, தீபாவளி ஸ்வீட் பாக்ஸுக்கு என்று நினைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கமிட்டி அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து தெய்வாத்தாள் புகாரை மேஜைமேல் வைத்தாள். எழுந்து சுற்றிப் போய், மற்றதில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா பிரச்சனை?"

எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். "ஒண்ணுக்குப் போகோணுமுங்க."

அந்தப் பக்கம் போனாள். "தண்ணிய எதுக்குக் குடிச்சீங்க?"

"டாக்டர் சொன்னாருங்க."

"உங்க டார்கெட்ட டாக்டரா வந்து தச்சுக் குடுப்பாரு?"

தெய்வாத்தாளுக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு கறாரான பொம்பளையை அவள் கண்டதே இல்லை.

வாசலில் செக்கிங் வேலை செய்யும் ஷோபனா நின்றிருந்தாள். வயது பதினேழு. கம்பெனி ரெஜிஸ்டரில் இருபத்திரண்டு. ஆடிட் வரும் நாளில் மட்டும் இருபத்து நாலு. அவளும் காலைப் பின்னிக்கொண்டுதான் நின்றாள்.

"யாருகூடக்கா சண்டை?"

"கமிட்டிக்காரிகூட, கண்ணு. மசிய மாட்டீங்கறா."

"அந்தச் சேர்ல இருக்கறப்ப உத்தரவு போட்ருங்கக்கா. போட்டு முடிக்கற வரைக்கும் இந்தச் சேருக்கு வராதீங்க."

"என்னன்னு போடறது? அங்க நடந்து போனா ஞாயித்துக்கெழம ஆயிருமே."

"அப்ப அத இங்க வரச் சொல்லுங்க."

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. தெய்வாத்தாள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து எழுதினாள். 'தொழிலாளி கழிப்பறைக்குப் போக வேண்டியதில்லை. கழிப்பறை தொழிலாளியிடம் வரவும்.' இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கழிப்பறை வந்தது. வாளியும் கப்பும் கலகலக்க, வழியெல்லாம் தண்ணீர் சிந்திக்கொண்டு, நான்காவது லைனில் வந்து நின்று மூச்சு வாங்கியது. தண்டபாணி மறித்தார்.

"கேட் பாஸ் இருக்குதா?"

கழிப்பறை தன் கதவைத் திறந்தது.

தெய்வாத்தாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஷோபனாவுக்குப் பின்னால் லைன் மொத்தமும் வரிசை கட்டியது. கடைசியில் மேடமும் நின்றார், கையில் படிவம் இல்லாமல்.

தண்டபாணி கதவைத் தட்டினார். "எத்தன நிமிசம் ஆகும்னு எழுதிக் குடுத்துட்டு இருங்!"

மறுபடி தட்டினார்.

உள்ளேயிருந்து, ஏழு வருஷத்தில் யாரும் கேட்டிராத நிதானத்தோடு, குரல் வந்தது.

"ஆளிருக்குது!"