இருநூற்றுப் பதினேழு

"ஊசியே குத்த மாட்டாங்களா? நெசமாவா?" என்று முன்பு ஒருநாள் அக்கா தங்கையிடம் கேட்டாள்.

"குத்தவும் மாட்டாங்க, வெட்டவும் மாட்டாங்க. டப்பால ஒண்ணுக்குப் போய்க் குடுத்தா போதும்."

"அடிப்பாவி, அதுக்குக்கூட என்னை விட்டா உனக்கு ஆள் கிடைக்கலையா?"

கிடைக்கவில்லைதான். சிறுநீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்துப் புற்றுநோயை முளையிலேயே கண்டறியும் சோதனை ஒன்றை அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் வேண்டிய மட்டும் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. ஊழியர்கள் ஆளுக்கு ஒரு சொந்தக்காரரை அழைத்து வரச் சொன்னதும் அவள் அக்காவைக் கூட்டிப்போனாள்.

குப்பிகளில் எண் ஒட்டுவது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே 'லேபிள்'. எந்த எண் யாருடையது என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது. ஒட்டிய கையோடு மறந்துவிடுவதில் அவள் கெட்டிக்காரி. அக்காவின் குப்பியில் மட்டும் ஈரம் பட்டு எண்சீட்டு நழுவிக்கொண்டே இருந்தது. மூன்று முறை ஒட்டினாள். இருநூற்றுப் பதினேழு மனதில் ஒட்டிக்கொண்டது.

பதினோரு வாரம் கழித்துத் திரையில் நோயில்லாதவர்களின் கோடுகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் தலைதூக்கி நின்றது. பக்கத்தில் இருந்த எண் இருநூற்றுப் பதினேழு.

"மேடம்... அது எங்க அக்கா."

ஆய்வை நடத்தும் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

திக்கித் திணறிச் சொன்னாள்.

"இந்தச் சோதனை இன்னும் நிரூபணமே ஆகலை, லேபிள். இது நோய்னு காட்டுற பத்துல ஏழு வெறும் பொய். எந்த உறுப்புன்னும் சொல்லாது. முடிவைச் சொல்ல மாட்டோம்னு சம்மதிச்சு உங்க அக்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"மீதி மூணு, மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்காகிட்ட சொல்லலாமான்னு கேட்டு நெறிமுறைக் குழுவுக்கு எழுதறேன். அவங்க கூடி முடிவெடுக்க எத்தனை மாசமோ. ஆளு தெரிஞ்சுபோனதால இந்தக் குப்பியை ஆய்வுலேர்ந்து எடுத்தாகணும். நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா ஆறாவது மாசம் மறுபடி ஒரு தடவை பார்த்திருப்போம்."

அந்த எண்ணின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள். "ஒருதடவை முழு உடம்பையும் பார்த்துடலாமாக்கா?" என்றாள் தங்கை, தலையைக் குனிந்தபடி.

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். உங்க மாமாவோட குறட்டையைத்தான் மொதல்ல பார்க்கணும்!" சிரித்த அக்கா சட்டென்று நிறுத்தினாள். "ஏய், என்னோடதுல ஏதாச்சும் வந்துச்சா?"

"அது சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம்க்கா."

"எந்த இடத்துல?"

"அது சொல்லாதுக்கா."

"எப்பத்தான் தெரியும்?"

"தெரியலையேக்கா..."

அக்கா எழுந்தாள். பிறகு கைப்பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.