கில் ஹார்மனின் வாய்

1986 அக்டோபர் பதினான்காம் தேதி, ஆறு மணித் தொலைக்காட்சிச் செய்தியில், கில் ஹார்மனின் வாயிலிருந்து, உடன் வாசிக்கும் லொரெய்ன் வுகோவிச்சின் குரல் வந்தது. அன்று யங்ஸ்டவுனில் எஃகு ஆலையில் முந்நூறு பேருக்கு வேலை போனது. கால் அங்குலம் மழை பெய்தது. நிலையத்துக்கு இருநூற்றுப் பதினொரு பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். இருநூற்றொன்பது பேர், லொரெய்ன் முன்முடியை வெட்டிக்கொண்டதைக் கண்டித்தார்கள். ஒருவர் நாயைக் காணவில்லை என்றார். மற்றவர், கில்லுக்குச் சளியா என்று அக்கறையாக விசாரித்தார்.

லொரெய்னுக்கு இதில் பெரிய ஆச்சரியமில்லை. பதினொரு வருடமாகச் செய்தியில் கில் பேசியதையெல்லாம் எழுதியவள் அவள்தான். திரையின் இடப்பக்க நாற்காலியிலிருந்து முதலில் வணக்கம் சொல்வதும், கொலை, தேர்தல், ஆலை மூடல் வாசிப்பதும் கில். அவளுக்குப் பள்ளி மதிய உணவுச் செய்தியும் பூசணிக்காய்ப் போட்டிச் செய்தியும். முதல் வரி ஆணுக்கு என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தவற்றைவிட அதுதான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் அவள் கேட்டது அந்த நாற்காலியைத்தான்.

நிலையம் மைக்கை மாற்றிப் பார்த்தது. தொண்டை மருத்துவர் கில்லின் வாய்க்குள் விளக்கடித்து, கோளாறு எதுவும் இல்லை, காலியாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு கருத்துக்கணிப்பு நிபுணர்கள் ஓட்டல் அறையில் நாற்பது பேரை உட்காரவைத்து, பிடித்தால் ஒரு பக்கம், பிடிக்காவிட்டால் மறுபக்கம் திருகும்படி ஆளுக்கொரு குமிழைக் கொடுத்தார்கள். புதுக் குரலில் கில்லின் நம்பகத்தன்மை கூடியிருந்தது. லொரெய்னின் கண்கள் களைத்திருந்தன. அவளுக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு ஐம்பத்தாறு, அவன் சுருக்கங்களுக்கு அனுபவம் என்று பெயர்.

செய்தி இயக்குநர் வால்ட், அறைக் கதவைச் சாத்திவிட்டு டோனட் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தப்பா எடுத்துக்காத லொரெய்ன். காலை அஞ்சு மணிச் செய்திக்கு நீ ரொம்பப் பொருத்தம். அந்நேரத்துல பாக்குறவங்களுக்கும் கண்ணு களைச்சுத்தான் இருக்கும்."

"கில்லுக்கு யார் எழுதுறது?"

"அதை வழக்கம்போல நீயே பாத்துக்கோ."

ஒப்பனைக்காரி ரோசலி அவள் முகத்தில் பவுடர் ஒற்றியபடி, "ஏண்டி, உன் குரலை வெச்சு அவன் பொழைக்கிறான். நீ விடியறதுக்குள்ள எழுந்து வாசல் பனியை வாரிட்டு வேலைக்கு வரப் போறியா?" என்றாள்.

அன்று லொரெய்ன் எழுதவில்லை. வேறொருவன் எழுதிக்கொடுத்ததை வாசிக்க கில் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. ஆனாலும் புருவத்தை உரிய இடங்களில் உயர்த்தி, நான்கு நிமிடம் சத்தமில்லாமல் வாசித்தான். விளம்பர இடைவேளையில் வால்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ரெண்டே வரி எழுதிக் குடு, போதும்."

"அவனை எந்திரிக்கச் சொல்லுங்க."

கில் எழுந்தான். கெட்டவனல்ல, கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தும் விட்டான். இடைவேளை முடிந்ததும், இடப்பக்கத்திலிருந்து லொரெய்ன் மாலை வணக்கம் சொன்னாள்.

மூன்றே வாரத்தில் ஊர் பழகிவிட்டது. கில் வலப்பக்கம் உட்கார்ந்து தலையாட்டினான். சம்பளம் அவளுடையதைப்போல இரண்டு மடங்காகவே நீடித்தது. அவன் பேசுவதில்லை என்பதை அவன் மனைவி நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் குடும்ப விருந்தன்றுதான் கவனித்தாள். மறு வருடம் மாநிலத்தின் சிறந்த குரலுக்கான விருது அவனுக்குக் கிடைத்தது. ஏற்புரைக்காக அவன் ஒரு சீட்டில் 'தயவுசெய்து' என்று எழுதி நீட்டியபோது, லொரெய்னுக்கு மறுக்க மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்தாள், முதல் வரியில் தன் பெயரை வைத்து. மேடையில் கில் வாயைத் திறந்தான். "லொரெய்ன் வுகோவிச்" என்றது அவள் குரல். சபை எழுந்து நின்று அவனுக்குக் கைதட்டியது.